வெங்கடம்மாவின் ஒரு நாளில் இரண்டு மணி நேரம்

எங்கள் மனோதத்துவப் பேராசிரியர் இரண்டு வருஷம் சீமையில் இருந்துவிட்டுத் திரும்பியபோது ஒரு கம்பளி மேல்கோட்டும் ஒரு கொள்கையும் கொண்டுவந்தார். மேல்கோட்டைச் சென்னை வெயில் ஒரே வாரத்தில் கழற்ற வைத்துவிட்டது. கொள்கையைக் கழற்ற யாராலும் முடியவில்லை. மனிதனைப் பரிசோதனை அறைக்குள் கூட்டிவந்து, விளக்கு எரிந்தால் பொத்தானை அமுக்கு என்று சொன்னால் அவன் மனிதனாக நடந்துகொள்வதில்லை, பொத்தான் அமுக்குகிறவனாக நடந்துகொள்கிறான். ஆகவே வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் அவனை அவன் பாட்டுக்கு இருக்க விட்டு, எழுந்ததிலிருந்து படுக்கும்வரை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்து எழுத வேண்டும் என்பது அந்தக் கொள்கை. இதற்குக் கப்பலேற வேண்டுமா, எங்கள் தெருவில் எதிர்வீட்டு ஜன்னலே போதாதா என்று நான் கேட்கவில்லை. நான் அப்போது அவர் துறையில் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர், மாணவர்களுக்குச் சோதனை செய்து காட்டுகிறவன். என்னை நிரந்தரமாக்கும் காகிதம் அவருடைய மேஜை மேல் இருந்தது.

"பார்க்கணும், எழுதணும். வாயைத் திறக்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது. நீ அங்கே ஒரு மரம், அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பினார்.

இடத்தையும் அவரே தேர்ந்தெடுத்தார். சேலம் ஜில்லாவின் வடமேற்கு மூலையில் ஓசூர் தாலுகா. வெள்ளைக்காரர்கள் காலத்தில் அந்த ஊரைச் சின்ன இங்கிலாந்து என்று சொல்வார்களாம். அவர் பெரியதற்குப் போய்வந்துவிட்டார், டெமான்ஸ்ட்ரேட்டருக்குச் சின்னது போதும் என்று நினைத்திருக்கலாம். நயா பைசா வருவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்திய பங்குனி மாதம் அது. ஒரு கைக்கடிகாரம், ஆறு நோட்டுகள், ஒரு டஜன் பென்சில் ஆகிய ஆயுதங்களுடன் புறப்பட்டேன்.

முதல் நாள் ஓசூரிலேயே பழகிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். கடைக்குள் நாலு பேர் மூன்று பாஷையில் பேசிக்கொண்டிருந்தார்கள். தமிழில் ஆரம்பித்த வாக்கியம் தெலுங்கில் திரும்பிக் கன்னடத்தில் போய் இறங்கியது. யாருக்கும் அதில் சிரமம் இருப்பதாகத் தெரியவில்லை, எனக்கு மட்டும்தான். ஐந்து நிமிஷத்தில் பேச்சு நின்றது. பத்தாவது நிமிஷம் கடைக்காரர் நான் கேட்காத பன்னும் டீயும் கொண்டுவந்து வைத்தார்.

"சார், நம்ம கடையில பாலு சுத்தமுங்க. எதுத்தாப்புல ஒரு கடை இருக்குது பாருங்க, அதையும் கொஞ்சம் எழுதிக்கோங்க" என்றார் காதோடு.

உள்ளே இரண்டு பேர் கன்னடத்தில் குசுகுசுத்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவர் நெளிந்தார். "ஒண்ணுமில்லீங்க. நீங்க மதுவிலக்குப் போலீஸாம். இன்னிக்கு சாயந்திரம் அத்திப்பள்ளி பஸ்ல யாரும் போக வாணாம்னு சொல்லிக்கறாங்க."

அத்திப்பள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர் ராஜ்யம். எங்கள் ராஜ்யத்தில் குடித்தால் ஜெயில், அங்கே குடித்தால் தலைவலியோடு சரி. அதனால் சாயந்திர பஸ்ஸில் எப்போதும் கூட்டம் நெரியுமாம். அன்று அது பாதி காலியாகப் போனது. கண்டக்டர் படியில் நின்றபடி என்னைப் பார்த்த பார்வையையும் நேரம் போட்டுக் குறித்துக்கொண்டேன். இயல்பான சூழல் என்பது நான் உட்காராத பெஞ்சில்தான் இருக்கிறது என்பது முதல் நாள் ஆராய்ச்சியின் முடிவு.

இரண்டாம் நாள் உத்தனப்பள்ளி பஸ். என் பக்கத்தில் ஒரு அம்மாள், அவள் மடியில் ஒரு கோழி, கோழியின் அலகு என் முழங்கைக்கு நேரே. பாதி வழியில் எஞ்சின் பொங்கிப் புகைவிட்டு நின்றது. டிரைவர் தகர டின்னை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டக் கிணற்றுக்குப் போனார். போன வேகத்தில் காலி டின்னோடு திரும்பினார். அங்கே இறைத்துக்கொண்டிருந்த பெண் ஒரு சொட்டுத் தரமாட்டேன் என்றாளாம். "அவ முறை முடியறவரைக்கும் நிக்கணுமாம்" என்றார் கண்டக்டர். அவருக்கு அதில் கோபமில்லை. "பங்குக் கிணறு சார். பங்காளிங்க நேரம் பிரிச்சு இறைப்பாங்க. ஒருத்தர் முறையில ஒரு டின் போச்சுன்னாலும் சண்டைதான். இந்தக் கோடையில தண்ணிதான் இங்க சொத்து."

முப்பது பேர் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கோழி மட்டும் முணுமுணுத்தது. நான் நோட்டில், "கிராமப் பெண்கள்: பிறர் துன்பத்தில் அக்கறையின்மை" என்று எழுதினேன். சென்னையில் தெருக்குழாயில் குடத்தோடு சண்டை போடுகிறவர்களைத் தினம் பார்க்கிறவன்தான் இதை எழுதினேன்.

உத்தனப்பள்ளிக்கு அந்தப் பக்கம் இரண்டு மைல் நடந்தால் நான் போக வேண்டிய ஊர். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்பது கடைசியில் தெரியும். பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் எனக்குத் தங்கல். அவர் சேலத்துக்காரர், தனி ஆள், தானே சமைத்துக்கொள்கிறவர். அரிசிச் சோறு எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். பொங்கலுக்கு வாங்க என்றார். ராகிக் களி மெல்லுகிற பண்டம் அல்ல என்று அன்று கற்றுக்கொண்டேன். உருண்டையில் கொஞ்சம் பிய்த்துக் கொள்ளுக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும், பல்லுக்கு அங்கே உத்தியோகம் இல்லை. அது தெரியாமல் நான் மென்றேன். அது பல்லைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. வாத்தியார் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்.

மூன்றாம் நாள் ஆளைத் தேர்ந்தெடுக்கும் படலம். பார்ப்பவனின் விருப்பு வெறுப்பு கலக்கக் கூடாது என்பதால் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டுமென்பது பேராசிரியர் கட்டளை. கிராமத்து மணியக்காரர் வீட்டுக் கூடத்தில் பெயர்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கினோம். ஆராய்ச்சிக்காகத் தன் பெயர் வரும் என்று மணியக்காரர் சலவை வேட்டி கட்டிக் காத்திருந்தார். வந்தது வெங்கடம்மா.

வெங்கடம்மா நாற்பதை நெருங்குகிறவள், புருஷன் போய் நாலு வருஷம். தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவள். வேறு சீட்டு எடுக்கச் சொன்னார்கள். விஞ்ஞானத்தில் இரண்டாவது சீட்டு கிடையாது என்று நான் மார்தட்டினேன். அவளையே கூப்பிட்டுக் கேட்டார்கள். வாசலில் நின்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாத்தாப் பாத்துட்டுப் போகட்டும். ஊர்ல இருக்கிற கண்ணெல்லாம் சும்மாவா இருக்குது? அதோட இது ரெண்டு" என்றாள்.

மணியக்காரர் என்னைத் தனியே அழைத்துப் போனார். "சார், அது தாலி அறுத்த பொம்பளை. நீங்க வயசுப் பையன். அது இறைக்கறப்ப நீங்க கெணத்துக்கு அந்தண்டைக் கரையில உக்காந்து பாருங்க. கெணறு எப்பவும் உங்களுக்கும் அதுக்கும் நடுவுல இருக்கட்டும். இந்த ஊரு ஒரு பேச்சுப் பேசிட்டா, அப்புறம் அது வாசலை எவனும் மிதிக்க மாட்டான்" என்றார். நானும் வெங்கடம்மாவுக்கு என் பங்குக்கு ஒரு சட்டம் போட்டேன். நான் அங்கே இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டும், என்னோடு பேசக் கூடாது, எது நடந்தாலும் என்னைக் கூப்பிடக் கூடாது.

"பேய்கூட அப்பிடித்தான் சாமி வந்து உக்காரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் விடியற்காலை ஐந்து பத்துக்கு வெங்கடம்மாவின் ஒரு நாள் தொடங்கியது. நான் முறைப்படி எழுதினேன். வாசல் தெளித்தாள். சாணி அள்ளினாள். களி கிண்டினாள். சாப்பிட்டதை நின்றுகொண்டே சாப்பிட்டாள். மாடுகளை ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். கிணற்றில் கபிலை பூட்டினாள். மாடுகள் சரிவில் இறங்கி வடக்கயிற்றை இழுக்க, தோல்சால் கிணற்றிலிருந்து தண்ணீரோடு மேலே வந்து வாய்க்காலில் கொட்டும் ஏற்பாடு அது. மாடுகள் கன்னட நாட்டுச் சந்தையில் வாங்கியவை என்பதால் அவற்றோடு கன்னடத்தில் பேசினாள். திட்ட வேண்டி வந்தபோது தெலுங்குக்கு மாறினாள். மடை திருப்ப வந்த கூலிக்காரியோடு தமிழில் பேசினாள். எனக்குச் சொல்லித்தந்த மனோதத்துவத்தில் இதற்குக் கட்டம் இல்லை, ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

மடை திருப்பியவளிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது. "பூ எறங்கியிருக்குது பாரு. இந்தத் தண்ணி தப்பாம பாஞ்சா மொளகா நிக்கும். புள்ளைய இந்த வாட்டி தலைப்பிரசவத்துக்குக் கூட்டியாரணும். வெறுங்கையோட போயி எப்பிடிக் கூப்புடறது?" அவளுக்கு ஒரே மகள், மைசூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள். அந்த மிளகாய்தான் அவளுக்கு வருஷம் முழுக்கச் சோறு.

உச்சி வெயில் ஏறியது. என் கரையில் ஒரே ஒரு புங்கமரம், அதுவும் கிணற்று விளிம்பை ஒட்டி. அந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் என்ற நாகரிகம் வந்து சேரவில்லை. வாத்தியார் தூக்குப் பாத்திரத்தில் இரண்டு உருண்டை களி கொடுத்து அனுப்பியிருந்தார். ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். அந்த ஊர்க்காரர்கள் இரண்டு தின்றுவிட்டு ஏர் உழுகிறார்கள் என்ற ரோஷத்தில் இரண்டையும் விழுங்கினேன். களி வயிற்றில் போய் உட்கார்ந்ததும் உடம்பிலிருக்கும் ரத்தத்தையெல்லாம் தன் பக்கம் வரவழைத்துக்கொள்கிறது. நான் உண்மையாகப் பார்த்து எழுதிய கடைசி வரி பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு: "இன்னும் இறைக்கிறாள்."

விழித்தபோது மணி இரண்டே முக்கால். மாடுகள் அவிழ்த்துவிடப்பட்டு மேய்ந்துகொண்டிருந்தன. வெங்கடம்மா தூரத்தில் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். என் நோட்டில் இரண்டு மணி பத்து நிமிஷம் வெள்ளையாகக் கிடந்தது. இருபத்தைந்து வரி. சீமையில் படித்தவர் அந்த வெள்ளையைப் பார்த்து என்ன சொல்வார் என்று நினைத்தபோது நிரந்தரக் காகிதம் மேஜையிலிருந்து குப்பைக்கூடைக்குப் பறப்பது கண்ணில் தெரிந்தது. பென்சிலைச் சீவிக்கொண்டேன். அவளைச் சோம்பேறியாகக் காட்ட மனம் வரவில்லை, அதுதான் என் நல்ல குணம். "12.40: பெருத்த ஊக்கத்துடன் தொடர்ந்து இறைக்கிறாள்" என்று ஆரம்பித்து, நெற்றி வியர்வை துடைப்பது, மாட்டைத் தட்டிக்கொடுப்பது என்று இடையிடையே அலங்காரம் வைத்து, "2.40: மாடுகளை அவிழ்க்கிறாள்" என்று முடித்தேன். காலையிலிருந்து எழுதியதைவிட அந்த இருபத்தைந்து வரிகள் படிக்க நன்றாக இருந்தன.

ஐந்தாம் நாள் காலை வாத்தியார் பரபரப்பாக வந்து சொன்னார். சாவடியில் பஞ்சாயத்துக் கூடியிருக்கிறது, என்னையும் என் நோட்டையும் கேட்கிறார்கள். வழக்கு இதுதான். அந்தக் கிணறு வெங்கடம்மாவுக்கும் அவள் கொழுந்தன் நாராயணப்பாவுக்கும் பொது. விடிந்ததிலிருந்து, நிழல் கிணற்றடிக் கல்லைத் தொடும் உச்சிவரை, கடிகாரப்படி ஏறக்குறைய பன்னிரண்டு நாற்பதுவரை, அவள் முறை; உச்சி சாய்ந்ததிலிருந்து பொழுது இறங்கும்வரை அவன் முறை. முந்தின நாள் அவன் இராயக்கோட்டைச் சந்தைக்குப் போய்விட்டு நாலு மணிக்குத் திரும்பினான். கிணற்றில் தண்ணீர் வழக்கத்தைவிட இரண்டு முழம் கீழே கிடந்தது. தான் இல்லாத சமயம் பார்த்து அண்ணி தன் முறையிலும் இறைத்துவிட்டாள் என்று பிராது. நிரூபணமானால் எட்டு நாளைக்கு அவளுக்கு முறை கிடையாது. பூ இறங்கிய மிளகாய் பங்குனி வெயிலில் எட்டு நாள் நிற்காது என்று வாத்தியார் நடந்துகொண்டே விளக்கினார்.

கிணறு என்றால் கிணறு, தண்ணீர் என்றால் தண்ணீர் என்று நினைத்திருந்தவன் நான். இருபத்தைந்து வரியில் அவளை நாராயணப்பாவின் முறையில் நன்றாக இறைக்க வைத்திருந்தேன்.

சாவடியில் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். கையில் கடிகாரம் கட்டிய சாட்சி அந்த ஊருக்கு அதுவரை கிடைத்ததில்லை. மணியக்காரர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நாராயணப்பா சாதுவான மனிதன், குரலை உயர்த்தாமல் பேசினான். "நான் ஒண்ணும் அண்ணி மேல பொல்லாப்பா சொல்லலீங்க. சாமி கூடவே இருந்து எழுதியிருக்காரு. அதுல இல்லைன்னா, நான் இங்கயே மன்னாப்புக் கேட்டுட்டுப் போறேன்" என்றான். வெங்கடம்மா தூணோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்து, படியுங்கள் என்பதுபோல் தலையசைத்தாள். அவளுக்கு என் மேல் நம்பிக்கை இருந்தது.

நோட்டு இங்கிலீஷில் இருந்தது. படிக்கும்போது மாற்றிச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் வாத்தியார், "நீங்க சிரமப்பட வேண்டாம், நான் படிக்கறேன்" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டார். தன் இங்கிலீஷை ஊர் கேட்க அவருக்கு வேறு எப்போது வாய்ப்பு வரப்போகிறது? ஒவ்வொரு வரியையும் முதலில் இங்கிலீஷில் முழங்கிவிட்டுப் பிறகு தமிழில் சொன்னார். பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தார். பெருத்த ஊக்கத்துடன் தொடர்ந்து இறைக்கிறாள். ஒன்று பத்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மீண்டும் இறைக்கிறாள். ஒன்று முப்பது. இரண்டு. ஒரு வரியும் விடவில்லை.

நாராயணப்பா தலையைக் குனிந்துகொண்டான். வெங்கடம்மா என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, ஒன்றும் புரியாமல்தான் பார்த்தாள். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்து நின்றேன். பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு மேல் நான் தூங்கிவிட்டேன், எழுதியிருப்பதெல்லாம் விழித்தபின் நானாக இட்டுக்கட்டியது என்று சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சாவடி சிரித்தது. "சம்பளம் குடுத்துத் தூங்கறதுக்கு அனுப்பிச்சிருக்காங்க" என்று யாரோ தெலுங்கில் சொல்ல, இன்னும் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் மணியக்காரர் கேட்டார்: "சரி. அப்ப அந்த நேரத்துல வெங்கடம்மா என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சு?"

"தெரியாது" என்றேன்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. உச்சி சாஞ்சப்புறம் இறைச்சியா?"

"இல்லீங்க. நெழலு கல்லைத் தொட்டதும் மாட்டை அவுத்துட்டேன்."

"அப்புறம்?"

"சும்மா உக்காந்திருந்தேன்."

"எங்க?"

"தோட்டத்துலதான்."

"எம்மாம் நேரம்?"

"இவரு எழுந்திரிக்கற வரைக்கும்."

மணியக்காரர் வாத்தியாரிடம் காலைப் பக்கங்களை மறுபடி படிக்கச் சொன்னார். வாத்தியார் படித்தார். அவை நான் கண்விழித்து, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதியவை. ஐந்து பத்திலிருந்து பன்னிரண்டு முப்பத்தைந்துவரை வெங்கடம்மா ஒரு இடத்திலும் உட்காரவில்லை. சாப்பிடும்போதுகூட நின்றுகொண்டிருந்தாள்.

"காலைல இருந்து குந்தாத பொம்பளை மத்தியானம் மட்டும் ரெண்டு மணி நேரம் சும்மா குந்தியிருந்துச்சாம்" என்றார் மணியக்காரர். "நம்பற மாதிரியா இருக்குது?"

ஒருவரும் நம்பவில்லை. கூலிக்காரியைக் கேட்டதில், தான் உச்சியிலேயே வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். இந்தக் கோடையில் ஊற்றே அடங்கியிருக்கலாம் என்று வாத்தியார் மெல்ல எடுத்துக்கொடுத்தார். ஊற்று அடங்கிவிட்டது என்பதைக் கேட்க அங்கே யாருக்கும் இஷ்டமில்லை, அதைவிட ஒரு பெண் திருடினாள் என்பது தேவலை. எட்டு நாள் முறை நாராயணப்பாவுக்கு என்று தீர்ப்பாயிற்று. எங்கள் துறையில் இருபது பேர் உட்கார்ந்து விவாதித்தாலும் பார்த்த நடத்தையிலிருந்து பார்க்காத நடத்தையை இவ்வளவு சுத்தமாக ஊகித்திருக்க முடியாது.

ஆறாம் நாள் காலை ஊரைவிட்டுக் கிளம்புமுன் அவள் தோட்டத்துக்குப் போனேன். மிளகாய்ச் செடிகளின் அடியில் கிடந்த காய்ந்த சருகையெல்லாம் கூட்டி, வேருக்கு மூடாக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஈரம் ஒரு நாள் கூடுதலாக நிற்குமாம். வரப்பின் மேல் நின்றபடி மன்னித்துவிடுங்கள் என்றேன். அவள் கை வேலையை நிறுத்தவில்லை.

"தூங்குனதைத் தூங்குனேன்னே எழுதியிருக்கலாமில்ல சாமி?"

நீங்கள் உண்மையிலேயே சும்மாதான் உட்கார்ந்திருந்தீர்களா என்று கேட்டேன். நானும் நம்பவில்லை என்பது கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவள் நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். "மாட்டை அவுத்துட்டுத் திரும்பிப் பாக்கறேன், நீ அந்த மரத்தடியில கெடக்கற. தூக்கத்துல பொரண்டு பொரண்டு கெணத்து ஓரத்துக்கே வந்துட்ட. ஒரு கை கெணத்துக்குள்ள தொங்குது. ரெண்டு தடவை சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். நீதான் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருந்தே, ஆனாலும் கூப்பிட்டேன். அசையலே. தொட்டு எழுப்ப முடியுமா நானு? அந்தண்டை வந்து, தும்பு கயித்தால முதுகுல ஒரு தட்டு தட்டி உன்னைத் திருப்பிட்டு, உனக்கும் கெணத்துக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டேன். மறுபடி அந்தப் பக்கம் பொரள வந்தப்பல்லாம் அதே மாதிரி ஒரு தட்டு தட்டுனேன். இந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவே. நீ கண்ணு முழிக்கப் போறேன்னு தெரிஞ்சதும் எழுந்து போயிட்டேன்."

இப்போதே போய் மணியக்காரரிடம் சொல்கிறேன் என்று திரும்பினேன்.

"என்னன்னு சொல்லுவே?" என்றாள். "ஆளில்லாத தோட்டத்துல, மத்தியானத்துல, ரெண்டு மணி நேரம் பக்கத்துல உக்காந்திருந்தாள்னு சொல்லுவியா? சொன்னா எட்டு நாள் தண்ணி கெடைக்கும் சாமி. அப்புறம் எம்பொண்ணைப் பிரசவத்துக்கு அனுப்புவாங்களா? சாவடியில அத்தனை பேரு கேட்டும் நான் எதுக்கு வாய மூடிக்கிட்டிருந்தேன்?"

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஊரும் பேராசிரியரும் நானும் சேர்ந்து போட்ட விதிகள் எல்லாவற்றையும் அவள் ஒருத்திதான் மீறியிருந்தாள், அதனால் நான் உயிரோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் மறுபடி குனிந்து அடுத்த செடிக்குச் சருகு போட்டாள்.

"செடிக்கு ஒண்ணும் ஆவாது. பாதியாவது நிக்கும்" என்றாள். "போ. பஸ்ஸு போயிடும்."

பஸ் போகவில்லை. ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. வழியில் எங்கும் பொங்காமல், எந்தக் கிணற்றையும் கேட்காமல் ஓசூர் வந்து சேர்ந்தது. டீக்கடைக்காரர் எதிர்க்கடையை எழுதியாயிற்றா என்று விசாரித்தார். ஆயிற்று என்றேன்.

சென்னைக்கு வந்து நோட்டைப் பேராசிரியர் முன் வைத்தேன். என் இருபத்தைந்து வரிகளின் மேல் குறுக்காகக் கோடு இழுத்து, "இந்த நேரம் முழுவதும் தூங்கினேன். பின்னர் கேட்டதில், சும்மா உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள்" என்று எழுதியிருந்தேன். முதல் வாக்கியத்தைப் படித்ததும் அவர் முகம் போன போக்கில், நான் நிரந்தரமாவதற்கு இன்னும் நாளாகும் என்று புரிந்தது. இரண்டாவது வாக்கியத்துக்கு வந்தபோது சிரித்தேவிட்டார்.

"காலையிலிருந்து ஒரு தடவைகூட உட்காராதவள். இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாளாம். நீ கேட்டாயாம், அவள் சொன்னாளாம்."

சிவப்புப் பென்சிலை எடுத்து அந்த வாக்கியத்தின் கீழ் இரண்டு கோடு இழுத்தார். ஓரத்தில் "நம்பத்தக்கதல்ல" என்று எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தி, இதற்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று என்னைக் கேட்டார்.

இல்லை சார் என்றேன்.